பால்கோவா ஊரில் பால் தராத பசு

ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னவுடன் உங்கள் மனத்தில் முதலில் வருவது ஆண்டாளா, பால்கோவாவா? வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லலாம். ஆண்டாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நோன்பு முடிந்ததும் நெய் மிதக்கும் பாற்சோறு சாப்பிடுவதைப் பற்றிப் பாடியவள்தானே அவள்!

சரி, ராஜபாளையம் என்றால்? அதற்கு யாரும் யோசிக்கவே மாட்டார்கள். பாலைப் போல் வெளுத்த உடம்பும், ரோஜா நிற மூக்கும், திருடனின் ஈரக்குலையை நடுங்க வைக்கும் பார்வையுமாக நிற்கும் நாய்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த நாய்க்கு வந்த யோகத்தை என்னவென்று சொல்வது? 2005ஆம் ஆண்டு தபால் இலாகா அதன் படத்தைப் போட்டு ஸ்டாம்பு வெளியிட்டது. 2020ஆம் ஆண்டு பிரதம மந்திரி ரேடியோவில் அதன் பெயரைச் சொன்னார். நம்மில் எத்தனை பேருக்கு இதெல்லாம் கிடைத்திருக்கிறது?

இந்த இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. அதை யாரும் டப்பாவில் அடைத்து வாங்கி வருவதில்லை. கயிறு கட்டி இழுத்து வருவதுமில்லை. பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அதுதான் மலைமாடு. நான் பார்த்ததற்குக் காரணம் என் நாத்தனார்.

நாத்தனார் வாழ்க்கைப்பட்டது ராஜபாளையத்தில். அவள் கணவருக்கு அங்கே நூல் மில்லில் உத்தியோகம். "அண்ணி, வைகாசியில் வாருங்கள். சப்பட்டை மாம்பழம் வந்துவிடும்" என்று வருஷா வருஷம் கூப்பிடுவாள். இந்த வருஷம் புறப்பட்டேன். எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடியும் வேளையில் ஜன்னலுக்கு வெளியே மலை வந்து நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே தூரத்துச் சித்திரம் அல்ல. கொல்லைப்புறச் சுவர் மாதிரி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் சாலை வழியாகச் சுமார் 12 கிலோமீட்டர்தான். அந்தத் தூரம் முழுக்க மலை வலப்பக்கமாகக் கூடவே வருகிறது.

ராஜபாளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்டார். இன்று அது காந்தி கலை மன்றம். மந்திரி பதவிக்குப் பிறகு வீடு கட்டியவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

முதல் நாள் காலை ஆண்டாள் தரிசனம். 192 அடி உயர ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, நாத்தனார் என்னைப் பால்கோவா போடும் இடத்துக்கு அழைத்துப் போனாள். பெரிய வாணலி, விறகு அடுப்பு, பசும்பால், சர்க்கரை. அவ்வளவுதான். ஏலக்காய் கிடையாது, முந்திரி கிடையாது. ஓர் ஆள் நின்றுகொண்டு துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்கிறார். கையை நிறுத்தினால் அடிபிடித்துவிடும். 2019ஆம் ஆண்டில் இந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது வேறு ஊரில் கிண்டிவிட்டு இந்த ஊர்ப் பெயரை ஒட்ட முடியாது என்று அர்த்தம். ஒட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

"இவ்வளவு பால் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

"சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்துதான். கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுவார்கள். எல்லாம் ஜெர்ஸி, கலப்பின மாடுகள்" என்றாள் நாத்தனார். பிறகு, ஏதோ வேடிக்கை நினைவுக்கு வந்தவளாய்ச் சிரித்தாள். "அண்ணி, இந்த மலையடிவாரத்திலேயே நூற்றுக்கணக்கில் மாடு வைத்துக்கொண்டு ஒரு சொட்டுப் பால் விற்காத ஜனங்களும் இருக்கிறார்கள். நாளைக்குக் காட்டுகிறேன்."

மறுநாள் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை இறங்கி வந்து தோப்புகளோடு கைகோக்கும் இடம். மாவும் தென்னையும் புளியும் அடர்ந்து நிற்கின்றன. மேலே கிளைகளில் ஒரு சலசலப்பு. குரங்கு என்று நினைத்துக் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். குரங்கு அல்ல, அணில்! ஆனால் நம் வீட்டுக் கொய்யா மரத்து அணிலைப் போலப் பத்து மடங்கு. சாம்பல் தெளித்தாற்போல் உடம்பு. உடம்புக்கு மேல் நீளமாக ஒரு வால். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இந்தச் சாம்பல் நிற மலையணில் கிடையாது. தரையில் இறங்க அதற்குப் பிரியமில்லை. கிளைக்குக் கிளை தாவியே காலம் தள்ளுகிறது. ஆகையால் மரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால்தான் அதற்குப் பிழைப்பு.

இந்த அணிலுக்காகவே 1988ஆம் ஆண்டு சுமார் 485 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் அந்தச் சரணாலயத்தையும் தேனிப் பக்கத்து மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51ஆவது. மொத்தம் 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் சுமார் 641 சதுர கிலோமீட்டர் மனித நடமாட்டம் கூடாத உட்காடு. வைகைக்குத் தண்ணீர் சேருவது இந்த மலைகளிலிருந்துதான். ராஜபாளையத்துக்காரர்கள் குடிக்கும் தண்ணீரும் இந்தக் காடு தருவதே. புலி இருந்தால் காடு இருக்கும், காடு இருந்தால் குழாயில் தண்ணீர் வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உங்களுக்கும் இருக்காது.

சாயங்காலம் ராஜபாளையம் திரும்பும் வழியில், பிரதான சாலையை விட்டு ஒரு மண் பாதையில் காரைத் திருப்பச் சொன்னாள் நாத்தனார். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல். அதன் நடுவே புழுதிப் படலம் ஒன்று நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அருகில் வந்ததும் படலத்துக்குள்ளிருந்து கொம்புகள் முளைத்தன.

இருநூறு மாடுகளுக்குக் குறையாது. செவலை, காரி, மயிலை, வெள்ளையில் கறுப்புத் திட்டு, செம்மையில் வெள்ளைப் புள்ளி என்று பிரம்மதேவன் கையில் இருந்த வர்ணத்தையெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தான். ஜெர்ஸிப் பசுவின் அசட்டுச் சாந்தம் இவற்றின் முகத்தில் இல்லை. உடம்பு சின்னது, இறுகியது. குளம்பு கல்லைப் போலிருக்கிறது. பாறையில் ஏறி இறங்கும் கால்கள் அவை. எதற்கும் மூக்கணாங்கயிறு இல்லை, முளைக்குச்சி இல்லை. பின்னால் வந்த நாலு ஆட்களும் "ஹோய்" என்று ஒரு குரல் கொடுத்தார்கள். அத்தனை மாடும் அந்த ஒரு வயலுக்குள் வந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நின்றது நின்றபடி படுத்துவிட்டன. வேலி கிடையாது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால்கூட நம் குழந்தைகள் இவ்வளவு ஒழுங்காக உட்காருவதில்லை.

இதற்குத்தான் கிடை என்று பெயர். மந்தைக்குத் தலைவர் கீதாரி. தலைப்பாகையும் தோளில் கம்பளியுமாக வந்த பெரியவரிடம் நாத்தனார் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏன் பெரியவரே, இத்தனை மாடு இருக்கிறதே, காலையில் எத்தனை லிட்டர் கறக்கும்?"

"கறக்கிறதா? கன்னு குடிச்சது போக, எங்க காப்பிக்கு ஒரு செம்பு கிடைச்சா அதிகம் தாயி."

"பின்னே எதற்கு இவற்றை வைத்துக்கொண்டு மாரடிக்கிறீர்கள்?"

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. பட்டணத்து ஜனங்களிடம் இதே கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பாரோ! "இது பால் மாடு இல்லை தாயி, சாணி மாடு" என்றார்.

நாம் வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள்தானே? இதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாட்டு மாடு ஒன்று நாளைக்கு எட்டுப் பத்துக் கிலோ சாணி போடும். அதில் பாதி இரவில். இருநூறு மாடு ஒரு வயலில் படுத்து எழுந்தால் ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு டன் சாணி! வண்டி வாடகை இல்லை, வாரிப் போடக் கூலி இல்லை. கோமியம் வேறு மண்ணிலேயே இறங்கிவிடுகிறது. மறுநாள் பக்கத்துத் துண்டு நிலம். அதற்கு மறுநாள் அதற்கும் அடுத்தது. இப்படியே கட்டம் கட்டமாக நகர்ந்து நிலம் முழுவதும் எரு போட்டுவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். நிலத்துக்காரர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுக்கிறார். சில இடத்தில் கூடவே அரிசியும். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று கிராமத்தில் சொல்வதுண்டு. ஆட்டுச் சத்து உடனே பயிருக்குப் பிடிக்கும். மாட்டுச் சத்து மெதுவாகப் பிடித்து நின்று பலன் தரும்.

ஆனால் இந்தக் கிடை வருஷம் முழுவதும் நடக்காது. அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருக்கும் மாதங்களில்தான் நடக்கும். மழை விழுந்து வயலில் நாற்று நட்ட பிறகு இருநூறு மாட்டை எங்கே நிறுத்துவது? தெருவிலா? அப்போது போக்கிடம் மலை ஒன்றுதான். மழைக் காலத்தில் மலை ஏறுவது, நிலம் ஒழிந்ததும் இறங்கி வந்து வயலில் கிடை போடுவது. இப்படித் தலைமுறை தலைமுறையாக ஊசலாடிக்கொண்டிருந்த பிழைப்பு இது. மலைமாடு என்று பெயர் வந்ததும் அதனால்தான். வெள்ளைக்காரன் காலத்தில், 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப் பிறகு, மாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு மேய்த்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் ரசீது தொடர்ந்தது.

இப்போது மேய்ச்சல் நின்றுவிட்டது. காப்பகத்துக்குள் மாடு நுழையக் கூடாது.

வன இலாகா சொல்வதையும் கேட்க வேண்டும். மந்தை புகுந்தால் மானுக்கும் காட்டெருதுக்கும் வரையாட்டுக்கும் புல் மிஞ்சாது. ஊர் மாட்டின் கோமாரி காட்டு மிருகத்துக்குத் தொற்றும். இளம்புல் வேண்டுமென்று காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கிறவர்களும் உண்டு. இவையெல்லாம் பொய்யல்ல. கீதாரிகளின் பதிலும் முழுக்கப் பொய்யல்ல. மாடு மேய்ந்தால் காய்ந்த புல் மண்டாது, தீ பரவாது. காட்டில் அந்நியன் நடமாடினால் முதலில் தெரிவது தங்களுக்குத்தான் என்கிறார்கள். சிறுத்தை கன்றைத் தூக்கிப் போனால் அதையும் மலைக்குக் கொடுத்த வாடகையாக எண்ணிப் பழகியவர்கள் அவர்கள்.

இப்படி ஒரு மலையில் இரண்டு பாதுகாப்புகள் மோதிக்கொள்கின்றன. ஒன்று புலிக்கும் அணிலுக்கும். மற்றது இந்த மாட்டுக்கு. மாடு என்ன, ஊரெல்லாம்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். மாடு இருக்கிறது, இந்த மாடு இல்லை. 1970ஆம் ஆண்டு வெண்மைப் புரட்சி தொடங்கிய நாளிலிருந்து, லிட்டர் கணக்கில்தான் மாட்டுக்கு மதிப்பு என்று ஆகிவிட்டது. நமக்குக் காலைக் காப்பிக்குத் தட்டில்லாமல் பால் கிடைத்தது. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் பால் தராத இனங்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விழுந்தன. பாறை ஏறும் காலையும், காய்ந்த புல்லைத் தின்று உயிர் தரிக்கும் வயிற்றையும், மருந்தில்லாமல் நோயைத் தாங்கும் உடம்பையும் ஒரு தடவை தொலைத்துவிட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் திரும்பச் செய்துகொள்ள முடியாது.

இந்த விஷயத்தை வெகு நாட்களுக்கு முன்பே கவனித்தவர்கள் மதுரையில் இருந்தார்கள். 'சேவா' என்ற தொண்டு ஸ்தாபனம். அதைத் தொடங்கி நடத்தியவர் விவேகானந்தன். கால்நடை இனங்களைக் காப்பாற்றுவது என்றால் வழக்கமாக என்ன செய்வார்கள்? ஒரு பண்ணை கட்டுவார்கள். நல்ல மாடு நாற்பது வாங்கிக் கட்டிப் போடுவார்கள். வாசலில் போர்டு வைப்பார்கள். விவேகானந்தனும் அவருடைய சகாக்களும் அப்படிப் போகவில்லை. மாட்டைத் தேடுவதை விட்டு, மாடு மேய்க்கிறவனைத் தேடிப் போனார்கள். அவன் பிழைத்தால் மாடு பிழைக்கும் என்பதே அவர்களுடைய கட்சி. மலைமாடு, சிவகங்கைச் சீமைப் புலிக்குளம் மாடு, வெம்பூர் ஆடு, நீலகிரித் தோடர்களின் எருமை என்று அவர்கள் போகாத கிடை இல்லை.

சொல்வதற்கு எளிது. செய்து பாருங்கள்! கிடைக்காரருக்கு விலாசம் கிடையாது. நேற்று இருந்த வயலில் இன்று இருக்க மாட்டார். எத்தனை மாடு என்று கேட்டால் கண்ணேறு படும் என்று சொல்லமாட்டார். பேனாவும் நோட்டுப் புத்தகமுமாக வருகிறவர் வரி போட வந்தவரோ என்று சந்தேகம் வேறு. அப்படிப்பட்டவர்களைச் சங்கமாகச் சேர்த்து, அவர்கள் மாட்டின் அங்க அடையாளங்களையும், எந்த மாதம் எந்த மலை என்ற வழியையும், வயிற்றுப் பொருமலுக்கு என்ன தழை, குளம்புப் புண்ணுக்கு என்ன பட்டை என்ற கைவைத்தியத்தையும் எழுதி வைத்தார்கள். 'நம் வழி வேளாண்மை' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். மாடு மேய்க்கிறவர் சொன்னதை அவருடைய பாஷையிலேயே அச்சடித்து அவருக்கே கொடுப்பது என்பது பெரிய காரியம். நம்மூர் விஞ்ஞானம் பெரும்பாலும் இங்கிலீஷில் எழுதி அலமாரியில் அல்லவா வைத்துவிடுகிறது?

2009ஆம் ஆண்டு முதல் ஒரு பரிசும் கொடுக்க ஆரம்பித்தார்கள். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஆதரவோடு, இந்தியா முழுவதும் நாட்டு இனங்களைக் காத்துவரும் சாமானிய மனிதர்களுக்கு 'இனக் காவலர்' விருது. பத்திரமும் 10,000 ரூபாயும். தொகை பெரிதல்ல. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஆயுள் முழுவதும் "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டு வாங்கிய மனிதரை மேடையில் ஏற்றி, மாடு மேய்த்ததற்காகவே பொன்னாடை போர்த்துகிறார்கள்!

கர்னாலில் ஒரு மத்திய அரசு நிலையம் இருக்கிறது. நாட்டில் உள்ள கால்நடை இனங்களைப் பரிசோதித்துப் பதிவு செய்வது அதன் வேலை. புலிக்குளம் மாடு அங்கே தனி இனமாகப் பதிவாகிவிட்டது. ராஜபாளையம் நாயும் பதிவாகிவிட்டது. பதிவு என்பது மாட்டுக்கு ரேஷன் கார்டு மாதிரி. கார்டு இருந்தால்தான் சர்க்காருக்கு நாம் இருப்பதே தெரிகிறது.

கார்டு கொடுத்து மேய்ச்சலை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானத்தில் ஒரு கதை உண்டு. இல்ஸே கோலர்-ரோலெஃப்ஸன் என்று ஒரு ஜெர்மன் பெண்மணி. மிருக வைத்தியம் படித்தவர். 1990 வாக்கில் ஒட்டகங்களைப் பற்றி ஆராய வந்தவர், ராய்க்கா என்னும் ஒட்டகக்காரர்களின் கஷ்டத்தைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். 1996ஆம் ஆண்டு ஸாத்ரி என்ற ஊரில் அவர்களுக்காக ஒரு ஸ்தாபனமும் தொடங்கினார். நம் அரசாங்கம் பெண்களுக்கு வழங்கிய நாரீ சக்தி விருது 2016ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே, 2014இல், ராஜஸ்தான சர்க்கார் ஒட்டகத்தை மாநில விலங்காக்கியது. மறு வருஷம், ஒட்டகத்தைக் கொல்லக் கூடாது, வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் ராய்க்காக்கள் ஆண் ஒட்டகங்களை விற்றுத்தான் சாப்பிட்டு வந்தார்கள். விற்க வழியில்லாமல் போனதும் வளர்ப்பதையே விட ஆரம்பித்தார்கள். ஏற்கனவே குறைந்துகொண்டிருந்த கூட்டம் இன்னும் வேகமாகக் குறைந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 4 லட்சம் ஒட்டகம். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். பிறகு அந்த அம்மாள் ஒட்டகப் பாலை விற்க வழி தேடினார். ராய்க்காவுக்கு வருமானம் வந்தால்தானே ஒட்டகத்துக்குத் தீனி?

நம் பக்கத்துக்கு வருவோம். 2022 மார்ச் மாதம் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்பது முதல் உத்தரவு. இரண்டு வாரத்துக்குள் அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காரர்களுக்குத் திருத்தத்தால் லாபமில்லை; அவர்கள் மலைதான் காப்பகமாயிற்றே! வேடிக்கையைப் பாருங்கள், அதே 2022 மார்ச் மாதம் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை கூடி, 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டு என்று தீர்மானம் போட்டது. மங்கோலியா கொண்டுவந்த தீர்மானம். இந்தப் பெரியவருக்கு நான்தான் அந்தச் சேதியைச் சொன்னேன். "எங்களுக்கா? ஒரு வருஷமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பெரியவர் எங்களைத் தம் வீட்டுக்கு அனுப்பினார். தாம் வரவில்லை, கிடையை விட்டு இரவில் நகர முடியாது. மலையடிவாரத்துக் கிராமத்தில் சின்ன ஓட்டு வீடு. அவர் மனைவிதான் வீட்டின் மந்திரி, கஜானா எல்லாம். வருஷத்தில் பாதிக்கு மேல் புருஷன் வெளியில். எந்த ஊர் நிலத்துக்காரர் எத்தனை இரவுக்குப் பாக்கி, எந்தப் பசு எப்போது ஈனும், மகன் சிவகாசியிலிருந்து அனுப்பிய பணம் எவ்வளவு என்று எல்லாம் அந்த அம்மாளின் மனத்தில் இருக்கிறது. காகிதம் வேண்டியதில்லை.

ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்குக் காகிதம் வைத்திருக்கிறார். தகரப் பெட்டியைத் திறந்து, மகள் கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே பழைய மேய்ச்சல் ரசீதுகள். பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, சிலவற்றில் மாமனார் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

இவற்றின் மதிப்பு எனக்கு அப்புறம்தான் விளங்கியது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாக ஒப்புக்கொள்கிறது. இடம் விட்டு இடம் போகிற மேய்ச்சல்காரர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் பழங்குடிகள் அல்லாதவர்கள், 2005 டிசம்பருக்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்தோம் என்று காட்ட வேண்டும். ஏறக்குறைய 1930ஆம் ஆண்டிலிருந்து கணக்கு. கிராம சபை கூட வேண்டும், மனு எழுத வேண்டும், ஆதாரம் வைக்க வேண்டும். நடந்துகொண்டே வாழ்ந்த மனிதரிடம் நின்ற இடத்துக்கு ஆதாரம் கேட்டால் எங்கே போவார்? சேவாக்காரர்கள் இந்த மேய்ச்சல்காரர்களைக் கொண்டே, நாங்கள் யார், எங்கள் மாடு எது, எங்கள் மலை எது, சட்டம் எங்களுக்கு என்ன சொல்கிறது என்று ஒரு பத்திரம் எழுதி வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. 1992ஆம் ஆண்டில் உலக நாடுகள் கையெழுத்திட்ட பல்லுயிர் ஒப்பந்தத்தையும், 2002ஆம் ஆண்டு நம் நாட்டுச் சட்டத்தையும் ஆதாரம் காட்டி எழுதிய பத்திரம் அது.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். உட்காட்டைப் புலிக்கு விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் அதற்கு வெளியே 370 சதுர கிலோமீட்டருக்கு மேல் எல்லைக் காடு இருக்கிறதே, அதில் எங்கே, எந்த மாதத்தில், எத்தனை மாடு என்று வன இலாகாவும் கீதாரியும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால் என்ன குடி முழுகிவிடும்? இந்தப் பேச்சுக்கு விவேகானந்தனைப் போன்ற நாலு பேர் நடுவில் வேண்டும். இலாகாவின் பாஷையும் தெரிய வேண்டும், கிடையின் பாஷையும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சந்தையில் கிடைப்பதில்லை.

"உங்கள் மகன் மாட்டுக்கு வருவானா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"மழைக்கு மலை இருந்தா வாரேங்கான். நான் என்ன சொல்ல?" என்றார். ரசீதுகளை ஒரு தடவை எண்ணி, திரும்பவும் முடிச்சாகக் கட்டிப் புடவைக்கு அடியில் வைத்தார். எங்கள் கையில் மோர் கொடுத்தார். மோர் எந்த மாட்டினுடையது என்று நாத்தனார் கேட்டாள். பக்கத்து வீட்டு ஜெர்ஸியாம்!

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு குறிப்பு. கிடை பார்க்க விரும்பினால் தை அறுவடைக்குப் பிறகு ஆனி வரையில் நல்ல காலம். எந்த வயலில் என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். செண்பகத்தோப்பில் வன இலாகா அனுமதிக்கும் இடத்துக்கு மேல் போக வேண்டாம். யானை நடமாட்டம் உண்டு. கிடைக்கு அந்தி சாயும் நேரத்தில் போங்கள். தூரத்தில் நின்று குரல் கொடுத்து, கீதாரி வரச் சொன்ன பிறகு கிட்டே போங்கள். முக்கியமாகக் குடையை விரிக்காதீர்கள். என் நாத்தனார் விரித்தாள். இருநூறு மாடும் ஒரே சமயத்தில் எழுந்து நின்று அவளைப் பார்த்தன.